என் முகத்தோடு ஊரில் இன்னொருவர்

பாசமுள்ள அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. நானும் உன் தம்பி மனைவியும் இங்கே நலம். உன் நலத்தையும், அத்தானின் நலத்தையும், அத்தானுடைய கோபத்தின் நலத்தையும் அறிய ஆவல்.

இந்தக் கடிதத்தை நீ தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். அத்தான் பக்கத்தில் இருந்தால் மடித்து வைத்துவிடு. வாய்விட்டுப் படிக்காதே. போனில் கேட்டால் ஆகாதா என்று நினைப்பாய். போனில் நீ ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேசுவாய், நான் உன்னைக் கேட்கிற கேள்விக்கெல்லாம் அத்தான் பதில் சொல்வார். இந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லக் கூடாது. நம் அப்பாவைப் பற்றிய ஒரு சின்னக் கேள்விதான். இப்போதே கேட்டுவிடலாம், ஆனால் எடுத்த எடுப்பில் கேட்டால் பஸ் பிடித்து வந்து என் காதைத் திருகுவாய். அதனால் நடந்ததை முழுக்கச் சொல்லிவிட்டுக் கேட்கிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் கால் நிற்பதில்லை. இத்தனை வருஷம் பஸ் கம்பெனியில், பயணிகள் தவறவிட்ட பொருள்களைத் திருப்பிக் கொடுக்கும் கவுண்டரில் உட்கார்ந்து, ‘இது உங்க குடைதான்னு எப்படி நம்புறது, அடையாளம் சொல்லுங்க’ என்று கேட்டுக் கேட்டே என் முகம் ஒரு மாதிரி இறுகிப்போய்விட்டது. அதைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. குடை கிடைத்த சந்தோஷத்தில் சிரிக்க வந்தவர்கள்கூட வெளியே போய்த்தான் சிரித்திருப்பார்கள். எனக்கு அதில் வருத்தமும் இல்லை. அது என் முகம், அதன் குணம் அப்படி என்று இருந்துவிட்டேன்.

இப்படி இருக்கையில் போன மாதம் மருந்துக் கடை வரிசையில் நிற்கிறேன், முன்பின் தெரியாத ஓர் அம்மாள் என்னைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்து, “பாருங்க மாஸ்டர், கைத்தடி இல்லாமலே வந்துட்டேன்!” என்று சொல்லிவிட்டு, கடை வாசலில் எனக்காகவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து காட்டினார். கடைக்காரர் கைதட்டினார். நான் என்ன சொல்வது? “ரொம்ப சந்தோஷம்” என்றேன். மறுநாள் தெருமுனையில் போய்க்கொண்டிருக்கிறேன், நிறுத்தமே இல்லாத இடத்தில் பஸ் நிற்கிறது, டிரைவர் தலையை வெளியே நீட்டி, “ஏறுங்க மாஸ்டர், உங்களை விட்டுட்டுப் போனா எங்கம்மா சோறு போடமாட்டாங்க” என்கிறார். நான் வேலை பார்த்த அதே கம்பெனி பஸ், அக்கா! வேலையில் இருந்த காலமெல்லாம் கையை ஆட்டிக்கொண்டு பின்னால் ஓடியிருக்கிறேன், ஒருவர்கூட நிறுத்தினதில்லை. எங்கேயும் போகவேண்டியது இல்லாவிட்டாலும் ஏறி உட்கார்ந்தேன்.

விஷயம் விளங்கியது முடிவெட்டும் கடையில்தான். கடைக்காரர் என் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “உலகத்துல ஒரே மாதிரி ஏழு பேர் இருப்பாங்கன்னு சொல்றாங்க இல்ல சார், உங்க ஆள் ஒருத்தர் நம்ம ஊர்லயே இருக்கார். நடை மாஸ்டர்னு பேரு. கால் உடைஞ்சவங்க, இடுப்பு உடைஞ்சவங்க எல்லாரையும் வீட்டுக்குப் போய் நடக்கவைப்பார். அவருக்கும் நான்தான் வெட்டுறேன். இதே நெத்தி, இதே மீசை, பின்னால இதே சுழி” என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, “என்ன, அவர் வந்து உக்காந்தா கடையே கலகலன்னு இருக்கும்” என்றார். அதற்குப் பிறகு கத்தரிக்கோல் சத்தத்தைத் தவிர அங்கே வேறு சத்தம் இல்லை.

இதைக்கூட நான் தாங்கிக்கொண்டிருப்பேன். ஒருநாள் உன் தம்பி மனைவி மார்க்கெட்டிலிருந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பையைக் கீழே வைத்தவள் என்னைப் பார்த்து, “இன்னிக்கு என்னங்க உங்களுக்கு? மார்க்கெட்ல எதிர்ப் பக்கத்துலேர்ந்து அவ்வளவு அழகா ஒரு சிரிப்புச் சிரிச்சீங்க! எனக்கு வெக்கமா போயிடுச்சு” என்றாள். நான் காலையிலிருந்து வாசல் தாண்டவில்லை என்றேன். அவள் என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள். பாட்டு நின்றுவிட்டது. “அதானே பார்த்தேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த ‘அதானே’ இருக்கிறதே, அக்கா, அதை நான் எங்கே போய்ச் சொல்லி அழுவது? என் முகத்தைக் கொண்டே எவனோ என் மனைவியைச் சந்தோஷப்படுத்திவிட்டுப் போயிருக்கிறான். அவனுக்கும் இதே மூக்கு, இதே வாய், இதே கன்னம். அதை வைத்துக்கொண்டு அவன் ஊரையே சம்பாதித்திருக்கிறான், நான் கவுண்டரில் வைத்து வீணடித்துவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் வெளியே போகத் தோன்றும். தீப்பெட்டி இருக்கும்போதே தீப்பெட்டி வாங்கப் போவேன். உண்மையில் யாராவது ‘மாஸ்டர்’ என்று கூப்பிடமாட்டார்களா என்றுதான் போவேன். கூப்பிட்டால் நான் இல்லை என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். கண்ணாடி முன்னால் நின்று அந்தச் சிரிப்பு என் முகத்தில் எந்தப் பக்கம் ஒளிந்திருக்கிறது என்று இழுத்து இழுத்துப் பார்த்தேன். பின்னால் வந்து நின்ற உன் தம்பி மனைவி, “பல்லு வலியா? டாக்டர்கிட்ட போங்களேன்” என்றாள்.

அவள் சொன்ன வேளை, பல் டாக்டரிடமே மாட்டிக்கொண்டேன். ஒரு வீட்டு வாசலைக் கடக்கிறேன், ஓர் அம்மாள் கேட்டைத் திறந்து ஓடிவந்து என் கையைப் பிடித்து, “எங்க மாஸ்டர் காணாம போயிட்டீங்க? அப்பா படுத்த படுக்கையா கிடக்கார், வாங்க வாங்க” என்று உள்ளே இழுத்துக்கொண்டு போனார். நான் அவர் நினைக்கிற ஆள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எடுத்த வாய் எடுத்தபடியே இருந்தது. அந்த அம்மாள் பல் டாக்டராம். வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பவர்களிடமே பேசிப் பழகியவர், பதில் வரும் என்று எதிர்பார்ப்பதே இல்லை. “ஆபரேஷன் நல்லா முடிஞ்சிடுச்சு, எலும்பு கூடிடுச்சு, இவர்தான் எழுந்திருக்கவே மாட்டேங்கிறார்” என்று சொல்லிக்கொண்டே என்னை ஓர் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்.

உள்ளே கட்டிலில் ஒரு பெரியவர். அந்தக் காலத்தில் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக இருந்தவராம். கழுத்தில் இன்னும் விசில் தொங்குகிறது. மகளைக் கூப்பிட வேண்டுமென்றால் ஊதுவார். என்னைப் பார்த்ததும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். அது ஒரு பக்கம் சரிந்திருந்ததால் நான் போய்ச் சரிசெய்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“நீ அவன் இல்ல” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“அவன் வந்ததும் போர்வையை உருவுவான். நீ போத்தி விடுற. யார் நீ?”

சொன்னேன். குடை முதல் மார்க்கெட் வரை எல்லாவற்றையும் சொன்னேன். ஏனோ அந்த மனிதரிடம் சொல்லத் தோன்றியது. அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, விசிலைக் கையில் எடுத்து, “இப்ப ரெண்டு வழி இருக்கு. நான் இதை ஊதினா எம்பொண்ணு வருவா, அவ போலீஸைக் கூப்பிடுவா. இல்ல, அந்த மேஜை டிராயர்ல சீட்டுக்கட்டு இருக்கு, எடுத்துக் கலைக்கலாம். எது?” என்றார்.

நான் சீட்டுக்கட்டை எடுத்தேன், அக்கா. வேறென்ன செய்வது?

அன்று முதல் தினமும் போனேன். நிஜ மாஸ்டர் வராதவரை தனக்குக் கொண்டாட்டம் என்றார் பெரியவர். மகள் வெளியே இருந்து, “என்ன மாஸ்டர், சத்தமே காணோம்?” என்று கேட்டால், அவர் சீட்டைப் பிரித்துக்கொண்டே, “ஐயோ, அம்மா, விடுடா பாவி, கால் போச்சுடா!” என்று அலறுவார். நான் சீட்டைப் போட்டுக்கொண்டே, “ஒண்ணு, ரெண்டு, மூச்சை விடுங்க” என்பேன். நன்றாக விளையாடுவார். தோற்றால் மட்டும் விதியை மாற்றுவார், கேட்டால் நடுவர் தீர்ப்பு இறுதியானது என்பார். ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதர் அவர்தான், அதற்கு முன்பும் பெரிதாக யாரும் இருந்ததில்லை. ஒருநாள் அவர் சொன்ன ஏதோ ஒன்றுக்கு நான் வாய்விட்டுச் சிரித்தேன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

ஆனால் சந்தோஷம் நிலைக்கவில்லை. ஒருநாள் நான் கிளம்பும்போது அந்த டாக்டர் அம்மாள் வாசல்வரை வந்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, “மாஸ்டர், அப்பா நடக்கலேன்னா நான் கிளினிக்கை மூடிட்டு வீட்டுல உக்காரணும், இல்லேன்னா அவரைக் கொண்டுபோய் எங்கேயாவது முதியோர் விடுதியில விடணும். ரெண்டுமே என்னால முடியாது. அவர் நடந்துடுவார்ல?” என்று கேட்டார். முதல் தடவையாக என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

“நடந்துடுவார்” என்றேன்.

எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேன் என்று கேட்காதே. அது அவனுடைய முகம். அதை நம்பித்தான் அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனது. வீட்டுக்கு வந்தும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். “நீங்க நடக்குறதைப் பார்த்தா எனக்குக் கால் வலிக்குது” என்றாள் உன் தம்பி மனைவி.

மறுநாள் சீட்டைத் தொடாமல், “ஐயா, எழுந்திருங்க, ஒரு அடியாவது வைங்க” என்றேன். “நீயுமா?” என்று அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கெஞ்சினேன். மகளைப் பற்றிச் சொன்னேன். போர்வையை உருவிப் பார்த்தேன், என்னால் பாதி உருவத்தான் முடிந்தது. “விழுந்துடுவேன்டா” என்றார் சின்னக் குரலில். “மைதானம் முழுக்க ஓடினவன் குளியலறையில விழுந்து கிடந்தேன். அதைப் பார்த்தவ எம்பொண்ணு. இன்னொரு தடவை அவ பார்க்கக் கூடாது.” பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம்.

அப்போது கதவு திறந்தது. திறந்தவர், அக்கா, நான். நானே கையில் ஒரு தடியுடன், காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறேன்.

நடந்தது என்னவென்றால், நடை மாஸ்டர் படிக்கட்டில் சறுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டு வீட்டில் கிடந்திருக்கிறார். இத்தனை நாள் வரமுடியவில்லை, மன்னிக்கணும் என்று சொல்ல டாக்டர் அம்மாளின் கிளினிக்குக்குப் போன் செய்திருக்கிறார். அவர் யாரோ ஒருவருடைய பல்லைப் பிடித்துக்கொண்டே, “என்ன மாஸ்டர் விளையாடுறீங்க, தினமும்தான் வந்துட்டுப் போறீங்களே” என்று வைத்துவிட்டாராம். மனுஷன் தடியை ஊன்றிக்கொண்டு நேரே வந்துவிட்டார்.

“யாருய்யா நீ?” என்றார் என்னைப் பார்த்து. குரல்கூட என் குரல்.

“நீங்க யாரு?” என்றேன் நான். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

“நான்தான் நான்! நீதான் அந்தச் சிடுமூஞ்சியா? உன்னால எனக்கு எவ்வளவு கெட்ட பேரு தெரியுமா? ‘நேத்து பார்த்தும் பார்க்காத மாதிரி போனீங்களே மாஸ்டர்’, ‘என் மேல என்ன கோபம் மாஸ்டர்’னு ஊரெல்லாம் கேக்குது! வருஷக்கணக்கா ஒவ்வொருத்தர்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டுத் திரியறேன், எதுக்குன்னே தெரியாம! ஒரு அம்மா என்னைப் பிடிச்சு, ‘என் குடைக்கு அடையாளம் சொல்லலேன்னு திருப்பி அனுப்பினியே, நல்லா இருப்பியா’ன்னு திட்டுது!” என்று தடியை ஆட்டிக்கொண்டு வந்தார்.

“அந்தம்மா கைப்பிடியோட நிறத்தைத் தப்பா சொன்னாங்க” என்றேன். அந்த நேரத்தில் அதுதான் என் வாயில் வந்தது. அவர் என் சட்டையைப் பிடித்தார். நான் அவர் சட்டையைப் பிடித்தேன். இரண்டு மீசையும் ஏறக்குறைய ஒட்டிக்கொள்கிற தூரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தோம்.

விசில் அலறியது. காது கிழிகிற சத்தம். திரும்பிப் பார்த்தால் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு கை. ஆட்டக்காரர்களை விலக்குகிற கை. பெரியவர் விசிலை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு கையை என் நெஞ்சிலும் மறு கையை அவர் நெஞ்சிலும் வைத்துத் தள்ளிக்கொண்டு நிற்கிறார். நிற்கிறார், அக்கா! கட்டில் அங்கே, அவர் இங்கே. பிடித்த சட்டையை விட்டுவிட்டு நாங்கள் இருவரும் அவர் காலையே பார்த்தோம். அவரும் குனிந்து பார்த்தார். பார்த்ததும் ஆடிப்போய்ச் சரிந்தார். இரண்டு பக்கமும் நாங்கள் தாங்கிக்கொண்டோம். “விடாதீங்க, உக்காரவைக்காதீங்க, அப்படியே ஒரு சுத்து” என்று மாஸ்டர் என் காதில் சொன்னார். ஒரு நொண்டியும் ஒரு குடைக்காரனுமாக அவரை நடத்திக் கூடத்துக்குக் கொண்டுவந்தோம். அங்கே டாக்டர் அம்மாள் அப்போதுதான் உள்ளே நுழைகிறார். அப்பா நடந்துவருவதைப் பார்த்தார், இந்தப் பக்கம் என்னைப் பார்த்தார், அந்தப் பக்கமும் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தவர் மூடவே இல்லை.

அப்புறம் எல்லோருக்கும் டீ வந்தது. டாக்டர் அம்மாள் என்னைத் திட்டவேண்டியதைத் திட்டி முடித்தார், அழவேண்டியதை அழுதார். பெரியவர், “அவன் தினமும் சீட்டுக்கு வரணும், இவன் தினமும் காலை உடைக்க வரணும், இதான் என் தீர்ப்பு” என்றார். நானும் மாஸ்டரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உண்மையைச் சொல்கிறேன், என் முகம் இதைவிடக் கொஞ்சம் லட்சணமாக இருக்கும் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அவரும் என்னை அதே ஏமாற்றத்தோடுதான் பார்த்தார். பேச்சுவாக்கில், “உங்கப்பா என்ன வேலை பார்த்தார்?” என்று கேட்டேன்.

“லாரி டிரைவர். நான் சின்னப் பையனா இருக்கும்போதே போயிட்டார். நேர்ல பார்த்த ஞாபகமே இல்ல. வாரத்துல பாதி நாள் வீட்டுல இருக்கமாட்டார்னு அம்மா சொல்லும்” என்றார்.

டீயைக் கீழே வைத்துவிட்டேன். அக்கா, நம் அப்பாவும் லாரி. நம் அப்பாவும் வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அந்தப் பாதியையும் இந்தப் பாதியையும் சேர்த்தால் முழுதாக ஒரு வாரம் வருகிறது. மாஸ்டர் என்னைவிட ஒரு வயது இளையவர்.

இதுதான் கேள்வி. இன்னும் விளக்கமாக என்னால் கேட்க முடியாது. நீ மூத்தவள், எனக்கு முன்பே விவரம் தெரிந்தவள். வீட்டில் அம்மா ஏதாவது அழுததுண்டா, அப்பா ஏதாவது மறைத்ததுண்டா? அத்தானுக்குத் தெரியவேண்டாம் என்றால் ஒரு கார்டில், ஆம் என்றால் ‘இங்கே வெயில் அதிகம்’ என்று எழுது, இல்லை என்றால் ‘இங்கே மழை’ என்று எழுது. நிஜமாகவே மழை பெய்தால் கொஞ்சம் பொறுத்திருந்து எழுது. முதலில் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அப்பாவைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று கூசியது. ஆனால் இந்த இரண்டு நாளாக, உன்னிடம் மட்டும் சொல்கிறேன், கார்டில் வெயில் என்றே வரட்டும் என்று மனசு ஒரு ஓரத்தில் கேட்கிறது. இந்த வயதில் எனக்கு ஒரு தம்பி. அதுவும் சிரிக்கத் தெரிந்த தம்பி. நேற்று அவரை வீட்டுக்கு அழைத்துவந்தேன். உன் தம்பி மனைவி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, “உக்காருங்க தம்பி” என்று அவருக்குத்தான் முதலில் நாற்காலி போட்டாள். எனக்குக் கோபமே வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானுக்கு என் வணக்கத்தை, எதற்கு என்று சொல்லாமல், தெரிவி. பிள்ளைகளுக்கு என் ஆசி, பேரன் பேத்திகளுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
உறக்கம் கெட்டுப்போன உன் தம்பி

பி.கு.: ஒட்டிய உறையை நானே பிரித்து எழுதுகிறேன், உறை கிழிந்திருந்தால் தபால்காரரைச் சந்தேகப்படாதே. மேலே எழுதியிருக்கும் எதையும் படிக்காதே, படித்துவிட்டால் மறந்துவிடு. இன்று மாஸ்டர் வீட்டுக்குப் போய் அவர் அப்பாவின் போட்டோவைப் பார்த்தேன். குட்டையான மனிதர், கழுத்தே கிடையாது, காது இரண்டும் கதவு திறந்து வைத்த மாதிரி. நம் அப்பாவுக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஓட்டினது குப்பை லாரியாம், இந்த ஊரைவிட்டு ஒரு அடி வெளியே போனதில்லையாம். பாதி நாள் வீட்டில் இல்லாதது, பெண்டாட்டியோடு கோபித்துக்கொண்டு அவருடைய அம்மா வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டதால். நம் அப்பா தங்கம். அங்கேயே மனசுக்குள் அவரிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். விஷயம் அதோடு முடிந்தது என்று எழுந்திருக்கும்போதுதான் மாஸ்டரின் அம்மா டீயோடு உள்ளேயிருந்து வந்தார். அக்கா, நானே தலை நரைத்து, கொண்டை போட்டுக்கொண்டு வந்து நிற்பதுபோல் இருந்தது. மீசை ஒன்றுதான் இல்லை. அந்த அம்மாள் என்னைப் பார்த்து, “எப்படா வந்தே, சாப்பிட்டியா?” என்றார். நம் அம்மா கேட்கிற அதே இழுவை. எனக்கு அப்பா முகம் என்று இத்தனை காலம் சொன்னவர்கள் எல்லாம் மீசையைப் பார்த்துச் சொன்னவர்கள் என்று இப்போதுதான் உறைக்கிறது. அதனால் அப்பாவை விடு. அம்மாவைப் பெற்ற தாத்தா என்ன வேலை பார்த்தார்? ஊர் ஊராகப் போகிற வேலையா? உடனே எழுது. அந்த அம்மாளை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று தெரியாமல் மொட்டையாகப் பேசிவிட்டு வந்திருக்கிறேன். சித்தியா பெரியம்மாவா என்று தெரிந்தால்தான் நாளைக்கு அந்த வீட்டுப் படியேற முடியும்.